வைஃபை ரிப்பேர் ஆன வீடு

1

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியதும் முதலில் எதைக் கேட்பார்கள்? தண்ணீர் என்று நினைத்தால் உங்களுக்கு எங்களைத் தெரியவில்லை. உங்கள் தண்ணீரை நாங்கள் நம்பமாட்டோம், பாட்டிலில் வாங்கிப் பையிலேயே வைத்திருப்போம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்போமா? கேட்போம், ஆனால் இரண்டாவதாக. முதலில் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு.

நானும் அப்படித்தான் கேட்டேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு பெரிய கம்பெனியில் இருந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான். பம்பரில் கீறல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வது. சொந்தக்காரர்கள் என்னை உலகம் சுற்றியவள் என்கிறார்கள். ஒரு பம்பரிலிருந்து இன்னொரு பம்பருக்குப் போனவள் என்றால் பொருத்தமாக இருக்கும்.

அம்மா போய் மூன்றாம் வருட நினைவு நாளுக்காக இந்த முறை தனியாகக் கிளம்பினேன். கணவருக்கு லீவு இல்லை, மகளுக்குப் பள்ளிக்கூடம். மகள் பெயர் யாழினி. தூய தமிழ்ப் பெயர் வேண்டும் என்று அடம்பிடித்து நான் வைத்தது. ஜெர்மன்காரர் வாயில் அது யாலினி. பதிமூன்று வயதாகிறது, இப்போது அவள் வாயிலும் யாலினிதான்.

நான் கிளம்புகிற அன்று அவளுக்கு நல்ல காய்ச்சல். இறங்கியதும் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சென்னையில் இறங்கினேன். என் ஜெர்மன் சிம்மில் ரோமிங்கைப் போட்டால், நலமா என்று கேட்க ஒரு பட்டுப்புடவை விலை, நலம் என்று பதில் வர இன்னொரு பட்டுப்புடவை. ஆகவே ரோமிங்கை அணைத்துவிட்டு, இலவச வைஃபை என்று பலகை வைத்திருந்த இடத்தில் நின்றேன். அது என் நம்பரைக் கேட்டது. கொடுத்தேன். ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எந்த ஓடிபியும் வரவில்லை. இந்திய நம்பருக்குத்தான் வருமாம். இந்திய நம்பர் வைத்திருப்பவருக்கு இந்த வைஃபை எதற்கு என்று அங்கிருந்த காவலரிடம் கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

வாடகைக் காரில் டிரைவர் தம்பியின் போனிலிருந்து கொஞ்சம் நெட் கடன் வாங்கினேன். சுங்கச்சாவடி வருவதற்குள் ஒரே ஒரு செய்தி உள்ளே வந்து விழுந்தது. கணவர் எழுதியிருந்தார்: காய்ச்சல் இறங்கவில்லை, டாக்டரிடம் கேட்டதற்கு அடுத்த வாரம்தான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது.

ஜெர்மனியைப் பற்றி எங்களிடம் பெருமையாகக் கேட்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே காய்ச்சலும் முன்பதிவு செய்துகொண்டுதான் வரவேண்டும்.

பதில் அடிப்பதற்குள் டிரைவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

2

எங்கள் வீடு வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில். அப்பா தனகோட்டி வாசலில் நின்றிருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, முகம் மழித்திருந்தது. மனைவி போன மனிதர் வாடிப்போயிருப்பார் என்று நான் விமானத்தில் அழுதது வீண்.

"வாம்மா சுமதி. பிரயாணம்லாம் ஒயுங்கா இருந்துச்சா?"

"வைஃபை பாஸ்வேர்டு என்னப்பா?"

அப்பா காதைச் சொறிந்தார். "வைஃபை ரிப்பேர்ம்மா."

"போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோமே?"

"அதுக்கப்பறம் ரிப்பேர் ஆயிக்கீது."

அப்பாவின் போனில் நெட் கிடையாது. வீட்டில் வைஃபை இருக்கும்போது அது எதற்கு என்று வெறும் பேச்சுக்கு மட்டும் ரீசார்ஜ் செய்யும்படி அவருக்கு யோசனை சொன்னதே நான்தான். ஜெர்மனியில் உட்கார்ந்து ஊரில் எல்லோருக்கும் இப்படி யோசனை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

முன் போர்ஷனிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், நெற்றி நிறைய திருநீறு. குடியிருப்பவர் என்றார் அப்பா. பெயர் செல்லத்தாய், தென்காசிப் பக்கம். மகளோடு இங்கே வேலைக்கு வந்தாராம். மகள் கல்யாணமாகிப் போனபிறகு இவர் இங்கேயே தங்கிவிட்டார். கம்பெனி கேன்டீனில் வேலை.

"வாங்கம்மா, நல்லா இருக்கீகளா?" என்றார் அவர். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.

நல்ல அடக்கமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

3

ஒரகடத்தில் எனக்குத் தெரிந்த நெல் வயல் எதுவும் இப்போது இல்லை. அதைப் பற்றி நான் கண்ணீர் விடப்போவதும் இல்லை, அதில் களை பறித்தவளுக்குத்தான் அந்த வெயில் தெரியும். இப்போது அங்கே வெளிநாட்டு எஞ்சினியர்கள் தங்குகிற குளிரூட்டிய ஹோட்டல்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் போய், காபி வாங்கினால் வைஃபை உண்டா என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மேடம், கெஸ்டா?"

"இல்லை, இந்த ஊர்தான்."

"இந்த ஊர்னா வீட்லயே வைஃபை இருக்குமே மேடம்?"

நியாயமான கேள்வி. வீட்டில் ரிப்பேர் என்றேன். காபியோடு ஒரு சின்னச் சீட்டு கொடுத்தாள். அதில் இருந்த எண்ணைப் போட்டால் அரை மணி நேரம் ஓடுமாம்.

பக்கத்து சோபாவில் கிழக்காசிய எஞ்சினியர் ஒருவர், கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, தன் போனுக்குள்ளிருந்த குழந்தையைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். குழந்தை அவரைக் கவனிக்கவேயில்லை, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அவர் வீட்டை விட்டு வந்து வீட்டைக் கூப்பிடுகிறார். நான் வீட்டுக்கு வந்து வீட்டைக் கூப்பிடுகிறேன். இருவருக்கும் ஒரே காபி, ஒரே சீட்டு. பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்து, எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் விரலால் தரையைக் காட்டினேன். இந்த ஹோட்டலிலா தங்கியிருக்கிறீர்கள், தோசை நன்றாக இருக்கும் என்றார்.

என் கணவர் எடுக்கவே நேரமாகிவிட்டது. எடுத்ததும் படம் உறைந்தது. உறைந்த படத்தில் அவர் வாய் திறந்திருந்தது.

"யாழினி எப்படி இருக்கா?"

"தூங்குறா. எழுப்பட்டுமா? அவளுக்கு இப்ப..."

அரை மணி நேரம் முடிந்துவிட்டதாகப் போன் அறிவித்தது. அவளுக்கு இப்போது என்ன? மறுபடி காபி வாங்கப் போனேன். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு சீட்டுதான் என்றாள் அந்தப் பெண். ஜெர்மன் அலுவலகத்தில்கூட இவ்வளவு கறாராக யாரும் என்னிடம் பேசியதில்லை.

4

மறுநாள் கூட்டுரோட்டில் செல்போன் கடைக்குப் போனேன். அவசரத்தில் வாய் குழறியது. ஜெர்மனியில் செல்போனை ஹாண்டி என்போம்.

"தம்பி, என் ஹாண்டிக்கு ஒரு சிம் வேணும்."

"ஹண்டி பிரியாணியா? அது எதிர்ல பிரியாணிக் கடையிலம்மா."

திருத்திக்கொண்டேன். ஆதார் கேட்டான். இல்லை, நான் இப்போது ஜெர்மன் குடிமகள் என்று பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னையும் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"பேசறத பாத்தா நம்மூரு மாதிரி கீது. புக்குல வேற மாதிரி கீதே."

வெளிநாட்டவருக்கு சிம் கொடுக்க வேறு வழியாம். பாஸ்போர்ட் நகல், விசா நகல், போட்டோ, உள்ளூரில் என்னைத் தெரிந்த ஒருவர், அந்த ஒருவரின் போனுக்கு ஓடிபி. அதன் பிறகும் எப்போது உயிர் வரும் என்று சொல்ல முடியாது. நான் பிறந்த ஊரில் என்னைத் தெரியும் என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

"லோக்கல்ல யாரும்மா?"

"எங்கப்பா. தனகோட்டி."

"அட, நம்ம பெரியவரு பொண்ணா! வூட்லதான் நெட் கீதே, அப்பறம் இன்னாத்துக்கு சிம்மு? நம்ம லைன்தான் அது."

"அது ரிப்பேர்."

"ரிப்பேரா?" அவன் கம்ப்யூட்டரைத் தட்டினான். "பச்சையா எரியுது பாருங்க. இப்பகூட யாரோ வீடியோ பேசிகினு கீறாங்க."

5

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது முன் போர்ஷன் கதவு திறந்திருந்தது. டிவிக்கு மேலே அலமாரியில் எங்கள் வீட்டு வைஃபை பெட்டி சாமி விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. செல்லத்தாய் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வைஃபை ரிப்பேர்னு அப்பா சொன்னாரே?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அவுக அப்படியா சொன்னாக?" பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கி, தானே பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்தார்.

உடனே வீட்டைக் கூப்பிட்டேன். யாழினியே எடுத்தாள். முகம் தெளிவாக இருந்தது. கையில் ஒரு டம்ளர். அதே நேரம் கடைக்குப் போயிருந்த அப்பாவும் வாழையிலைக் கட்டோடு உள்ளே வந்தார்.

"மாமா! எங்க போனீங்க?" என்றாள் யாழினி.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஜெர்மனியில் அம்மாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். என் சொந்த மகளுக்கு நான் மாமா. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

"காய்ச்சல் எப்படிம்மா?"

"போச்சு. ஆன்ட்டி கஷாயம் சொன்னாங்க. பாப்பா செஞ்சார். ரொம்பக் கசப்பு." பாப்பா என்பது அவள் அப்பா.

"எந்த ஆன்ட்டி?"

"செல்லத்தாய் ஆன்ட்டி." போனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அங்கதான இருக்காங்க? பின்னாடி தெரியுது அவங்க காலண்டர். ஆன்ட்டி! இன்னும் ஒரு தடவை குடிக்கணுமா?"

அப்பா வாழையிலைக் கட்டைப் பிடித்தபடியே நின்றார். செல்லத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தார், என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்து.

"போதும் கண்ணு. கஞ்சி குடிச்சிட்டுப் படு."

"சரி ஆன்ட்டி. தாத்தா, பை! நீங்க ரெண்டு பேரும் நாளைக்குக் கூப்பிடுங்க."

நீங்கள் இரண்டு பேரும். ழகரம் வராத என் மகளுக்குப் பன்மை எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள்.

6

"எத்தினி நாளாப்பா?" என்று கேட்டேன். கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடுகிறது.

"எது?"

"இதுதான்."

அப்பா துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ரெண்டு வருசம் இருக்கும். நீகூட சொன்னியே, அப்பா மூஞ்சி இப்பல்லாம் போன்ல நல்லா தெரியுதுன்னு. அப்பத்துலேர்ந்து."

எனக்கு நினைவு வந்தது. அம்மா போன புதிதில் வீடியோவில் அப்பாவின் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகத் தெரிந்தார், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. அப்பா போன் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று கணவரிடம் பெருமைப்பட்டேன். இரண்டு கையும் மடியில் இருந்தால் போனைப் பிடித்திருப்பது யார்? பம்பரில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்கு இரண்டு நாட்டில் சம்பளம் கொடுத்தார்கள். இந்தக் கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எனக்குத் தோன்றவில்லை.

"அம்மா போயி மூணு வருஷம் ஆவல. அதுக்குள்ள..."

"நீ அங்க கீற. பாபு மறைமலை நகர்ல கீறான். ஞாயித்துக்கெயமை பத்து நிமிசம் பேசுறீங்க. மிச்ச நேரத்துக்கு நான் இன்னா பண்றது, சொல்லு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ இன்னா சொல்லுவேன்னு தெரியும். இப்ப சொல்லிகினு கீறியே, அதான். பொட்டி அவங்க ரூம்ல கீது, கேட்டா தெரிஞ்சிடும்னுதான் ரிப்பேர்னேன்."

ஜெர்மனியில் எங்கள் மாடியில் ஹெல்கா என்று ஒரு அம்மாள் இருக்கிறார். எழுபது தாண்டியவர், கணவர் இறந்தவர். போன கோடையில் ஒரு வெள்ளை மீசைக்காரரைக் கூட்டிவந்து, என் புது நண்பர், இருவரும் நடனம் கற்றுக்கொள்கிறோம் என்றார். நான் கைதட்டினேன். கேசரி கிளறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வயதானவர்களுக்கும் வாழ்க்கை உண்டு என்று அன்று இரவு சாப்பாட்டு மேசையில் யாழினிக்கு வகுப்பெடுத்தேன். அவள் வகுப்பை ஒழுங்காகக் கவனித்திருக்கிறாள். எடுத்தவள்தான் தேர்வில் உட்கார்ந்து முழிக்கிறேன். ஹெல்காவுக்கு நடனம், என் அப்பாவுக்கு அம்மா படமும் மின்விசிறியும். கேசரி அவ்வளவு தூரம் வராது போலிருக்கிறது.

கணவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். தெரியும் என்றார். யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாத்தாவைக் கூப்பிட்டு அந்த அம்மாளோடு பேசுவாளாம். என்ன பேசுவாள்? அவளையே கேட்டேன்.

"சும்மா பேசுவோம். நீங்க நான் பேசும்போது திருத்திக்கிட்டே இருப்பீங்க, மாமா. அவங்க கேப்பாங்க."

செல்லத்தாய் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. கோபமும் படவில்லை.

"நாளைக்கு ஒங்கம்மா நாளு. நான் இங்கன இருந்தா நல்லா இருக்காது. கேன்டீன் பிள்ளைக இருக்குத ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. போயிருதேன்."

அப்பா என்னைப் பார்த்தார். போகவேண்டாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தார். நான் சொல்லவில்லை.

7

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்கு அவர் ஒரு துணிப்பையோடு போனார். நான் படையலுக்குச் சமைத்தேன். கத்தரிக்காய் சாம்பார், வடை, பாயசம், எல்லாம் அம்மாவுக்குப் பிடித்தவை. தம்பி பாபு ஷிஃப்ட் முடிந்து கம்பெனிச் சீருடையோடு வந்து சேர்ந்தான். அவனிடம் அடுப்படியில் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவன் வடையை எடுக்கப்போய், படையல் ஆகவில்லை என்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்க்கா."

"உனக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். உனக்குத்தான் தெரியாது. நீ தூரத்துல கீற, உன்ன இன்னாத்துக்குப் பேஜார் பண்ணணும்னு யாரும் சொல்லல."

"நீ ஒண்ணும் சொல்லலையா அவரை?"

"இன்னா சொல்றது? அவங்க இல்லாங்காட்டி நான்தான் அவர இட்டுகினு போயி வெச்சிக்கணும். என் வூடு ரெண்டு ரூமு. நல்லதாப் போச்சுன்னு உட்டுட்டேன்." அப்புறம் கூடத்தில் மாட்டியிருந்த அம்மா படத்தைக் காட்டினான். மல்லிகைச் சரம் நேற்றையது, கொஞ்சம் வாடியிருந்தது. "தெனம் அந்தப் பூ யார் வெக்கிறாங்கன்னு நெனச்சே? அப்பாவா?"

தூரத்தில் இருப்பவர்களுக்குச் செய்தி எப்படி வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நமக்கு அனுப்புவதற்கு முன்னால் முள்ளை எடுத்துவிடுகிறார்கள், மீன் கொடுப்பதுபோல. நாமும் சப்புக்கொட்டிவிட்டு, ஊர் நிலவரம் எல்லாம் நமக்கு அத்துப்படி என்று பேசிக்கொண்டு திரிகிறோம்.

அப்பா குளித்து, கற்பூரம் காட்டி, அம்மா படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அம்மாவை அவர் மறந்துவிட்டார் என்று நேற்றெல்லாம் திட்டியிருந்தேன். இலையில் உட்கார்ந்தவர் சாம்பார் சோற்றில் இரண்டு வாய் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏம்ப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. அப்பால துன்றேன்."

அன்று முழுவதும் அவர் திரும்ப உட்காரவில்லை. பாபு போன பிறகு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். வீட்டில் வைஃபை தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிடத்தான் எனக்கு யாரும் தோன்றவில்லை.

8

சாயங்காலம் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கிற இடத்துக்குப் போனேன். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் ஒரே நிறச் சட்டைகள் இறங்கின. நானும் ஒரு காலத்தில் அப்படி இறங்கியவள்தான், நின்று நின்று கால் வீங்கிப்போய். செல்லத்தாய் இறங்கினார். ஒரு கையில் அந்தத் துணிப்பை, இன்னொரு கையில் தூக்குச்சட்டி. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் போன் அலறியது. பை, சட்டி, போன், மூன்றுக்கும் இரண்டே கை. சட்டென்று போனை என்னிடம் நீட்டினார்.

"எம் மவன். தோஹாவுல இருந்து. இடைவேளையிலதான் அவனுக்கு வைஃபை கிடைக்கும், எடுக்காட்டா நாளைக்குத்தான். செத்த பிடிங்க."

பிடித்தேன். போனில் தலைக்கவசம் போட்ட ஓர் இளைஞன். அவனுக்குப் பின்னால் பாதி எழும்பிய கட்டடம்.

"எம்மா, என்னம்மா ரோட்டுல நிக்க? அய்யா இல்லியா? யாரு போனப் பிடிச்சிருக்கது?"

அதாவது, அவர் மகனோடு பேசும்போது போனைப் பிடிப்பது என் அப்பா. இவர் அவருக்குப் பிடிப்பார், அவர் இவருக்குப் பிடிப்பார்.

செல்லத்தாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்டுக்காரர் பொண்ணுல."

தமிழில் இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம். வீட்டின் சொந்தக்காரரும் வீட்டுக்காரர்தான், கட்டிக்கொண்டவரும் வீட்டுக்காரர்தான். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மகன் கேட்கவேண்டிய அவசியமே இல்லாதவனாக இருந்தான்.

"ஜெர்மனி அக்காவா? அக்கா, கும்புடுதேன். நா மாரி. அய்யாவுக்கு சுகர் மாத்திர தீந்துட்டுன்னு அம்மா சொன்னா, வாங்கியாச்சா?"

அப்பாவுக்கு சர்க்கரை இருப்பதே எனக்குத் தெரியாது. வாங்கியாச்சு என்று பொய் சொன்னேன். மணி அடித்துவிட்டது என்று அவன் வைத்துவிட்டான்.

"ஒங்க பையனுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்களா?"

"எம் மவன்ட்ட நா எதையும் மறைக்கலியே. மொதல்ல ஒரு மாசம் பேசாம இருந்தான். அப்புறம் அவனே கூப்பிட்டான். ஒங்கப்பாதான் ஒனக்குப் பயந்தாரு." முதல்முறையாக என்னை ஒருமையில் சொன்னார். "படிச்ச புள்ள, வெளிநாட்டுல இருக்கா, தப்பா நெனப்பான்னு."

வெளிநாட்டில் இருப்பதால் தப்பாக நினைப்பேன் என்று! அது எனக்கு உறைக்கவேண்டிய இடத்தில் உறைத்தது.

"வீட்டுக்கு வாங்க," என்றேன். "அவர் சாப்பிடவே இல்லை."

"தெரியும். போன் பண்ணுனாரு. சாம்பார்ல உப்பே இல்லியாம்." அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. "படையலுக்குச் செய்யுதத ருசி பாக்கக் கூடாதுதான். அதுக்காக உப்பு போடாம இருக்கதா?"

"அதை என்கிட்டச் சொல்ல அவருக்கு என்னவாம்?"

"ஒன்ட்ட யாரு சொல்லுவா?"

ஹாஸ்டல் போகிற பக்கமாக நின்றிருந்தவர் அங்கேயே நின்று கொஞ்சம் யோசித்தார். பிறகு தூக்குச்சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார். நான் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கேன்டீன் ரசம் சூடாகத்தான் இருந்தது.

9

நான் ஜெர்மனிக்குத் திரும்பி வந்துவிட்டேன். பத்திரிகை அடித்த கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. முறைப்படி பதிவு செய்துவிடலாமே என்று நான் இங்கிருந்து யோசனை சொன்னேன், என்னால் சும்மா இருக்கமுடியாதே. கேன்டீனில் செயின் கம்மல்கூடப் போடக்கூடாது, தாலிக்கு வேறு தனியாகச் சண்டை போடணுமா என்று செல்லத்தாய் கேட்டுவிட்டார். அப்பா சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார். பாபு தீபாவளிக்குப் போய், அந்த அம்மாள் சுட்ட முறுக்கைத் தின்றுவிட்டு, அவரை எந்த முறையும் வைத்துக் கூப்பிடாமல் திரும்பி வந்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் 'அவங்க', 'இவங்க' என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். யாழினி கேட்டாள், அவங்களுக்குப் பேர் இல்லையா என்று.

ஹெல்காவிடம் கதையைச் சொன்னேன். கைதட்டினார். கேசரி எதுவும் வரவில்லை.

போன வாரம் ஒரு குரல் செய்தி வந்தது. தோஹாவிலிருந்து, பின்னால் இரும்பு வெட்டுகிற சத்தத்தோடு.

"அக்கா, நா மாரி பேசுதேன். ஞாயித்துக்கெழம நீங்களும் நானும் ஒரே நேரத்துல கூப்பிட்டுருதோம். அம்மா யாருக்குன்னு எடுப்பா, பாவம். எனக்கு அந்த ஒரு மணி நேரந்தான் வைஃபை கிடைக்கும். நா மொதல்ல பேசிட்டு வச்சிருதேன், நீங்க அதுக்குப் பொறவு கூப்பிடுங்க. சரியாக்கா?"

எங்கள் அப்பாவோடு நான் பேசுவதற்கு ஒருவன் எனக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறான். எவ்வளவு துணிச்சல் என்று கொஞ்ச நேரம் சூடாகத்தான் இருந்தேன். பிறகு அந்தச் செய்தியை இன்னொரு முறை கேட்டேன். அரை நிமிடத்துக்குள் இரண்டு இடத்தில் அக்கா என்று இருந்தது.

பதில் அடித்தேன். அவசரத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற கெட்ட பழக்கம் எனக்கு. 'சரி தம்பி, நீ முதல்ல பேசு' என்று எழுதி, அதன் பின்னால் இதுவரை எழுதாத ஒரு சொல்லைச் சேர்த்தேன். 'சித்தியைக் கேட்டதாகச் சொல்லு.' என் போன் ஜெர்மன் படித்த போன். சித்தியை அது எழுத்துப்பிழை என்று முடிவுகட்டி, 'ஷிஃப்ட்' என்பதற்கான ஜெர்மன் சொல்லாக மாற்றி வைத்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் ஷிஃப்ட்.

விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினேன். எழுத்துகளைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக அழுத்தி, சித்தி என்று முழுசாக எழுதி அனுப்பினேன்.